ஒடுக்கு எடுத்த காரும் ஒளித்து வைத்த குறையும்

 

இன்றைய தலைப்பு சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். காரில் ஒடுக்கு விழுந்தால் எந்த ஒர்க்ஷாப்பில் கொடுப்பது என்பதற்கும் ஜும்ஆ மிம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒளூவில் ஒரு சந்தேகம் வந்தால் ஹஜ்ரத்தைத் தேடி வருகிறோம். டிங்கரிங் கடை வாசலில் நின்று ரேட் பேசும்போது அங்கேயும் ஒரு மஸ்அலா இருப்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. பாவமும் நன்மையும் அந்தக் கடை வாசலிலும்தான் எழுதப்படுகின்றன.

காரில் அடி பட்டதும் நாம் முதலில் செய்வது தெரிந்தவர்களிடம் விசாரிப்பது. “நல்ல கடையா ஒன்னு சொல்லுங்க பாய்.” ஒருவர், குறைந்த காசில் முடித்துத் தருகிற இடத்தைச் சொல்வார். இன்னொருவர், காலையில் விட்டால் மாலையில் தருகிற இடத்தைச் சொல்வார். மூன்றாமவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, “அவர்கிட்ட போங்க, பழைய கீறல், பின்பக்க ஒடுக்கு எல்லாத்தையும் இதே கிளெய்ம்ல சேர்த்துருவார், உங்களுக்குக் கைக்காசு ஆகாது” என்பார். நம்மில் பலருக்கு இந்த மூன்றாவது கடைதான் நல்ல கடை.

கொஞ்சம் நின்று யோசியுங்கள் சகோதரர்களே. இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் உங்களுக்காகப் பொய் சொல்கிற ஒருவர், உங்களிடம் மட்டும் உண்மை பேசுவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? மாற்றியதாகச் சொல்லும் மட்கார்டை உண்மையிலேயே மாற்றினாரா, அடித்து நிமிர்த்தி பெயின்ட் பூசினாரா? உங்களுக்குத் தெரியாது. அந்த மனிதரின் நாவு விலைக்குக் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே அவரிடம் போனோம். இப்போது அதே நாவு நம் பக்கம் திரும்பினால் நமக்குக் கோபம் வருகிறது.

இந்தத் தொழிலில் நம்பிக்கை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு கதவில் ஒடுக்கு விழுந்தால், நல்ல டிங்கர் உட்பக்கத்து அட்டையைக் கழற்றி, தகட்டைப் பின்னாலிருந்து தட்டியும் முன்னாலிருந்து இழுத்தும் பழைய வடிவத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவருவார். மிச்சமிருக்கும் சிறு மேடு பள்ளத்துக்கு மட்டும் மெல்லிசாகப் பட்டி வைப்பார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, நிறம், அதன் மேல் கிளியர் கோட். பெயின்ட் உரியாத சின்ன ஒடுக்கு என்றால் பட்டியும் பெயின்ட்டும் இல்லாமல், பின்னாலிருந்து கம்பியால் மெல்ல மெல்லத் தள்ளியே எடுத்துவிடலாம். நாணயமான கடைக்காரர் அதை முதலில் சொல்வார். அதில் அவருக்கு வரும்படி குறைவு, ஆனாலும் சொல்வார்.

மற்ற வழி சுலபமானது. தகட்டைத் தொடவே வேண்டாம். பள்ளத்தில் பட்டியை அப்பி நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் போதும். வண்டி வெளியே வரும் நாளில் இரண்டு கதவும் ஒரே மாதிரி பளபளக்கும். வெயிலும் மழையும் குழியும் மேடும் பார்த்தபின், கனமாக அப்பிய பட்டி வெடிக்கும். வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கி, உள்ளே தகடு துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். இதைவிட ஆபத்தானது பம்பருக்குப் பின்னால் இருப்பது. வெளியே தெரிகிற பம்பர் பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் மோதலைத் தாங்குகிற இரும்புச் சட்டம் இருக்கிறது. அது வளைந்திருக்க, மேல் பிளாஸ்டிக்கை மட்டும் புதிதாக மாட்டிக் கொடுத்தால், அடுத்த மோதலில் முன்சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? உங்கள் மனைவியாக இருக்கலாம், அந்த வண்டியை உங்களிடமிருந்து வாங்கிய யாரோ ஒருவரின் பிள்ளையாக இருக்கலாம்.

மதீனாவின் சந்தையில் நடந்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். நபி (ஸல்) அவர்கள் ஓர் உணவு தானியக் குவியலைக் கடந்து போகும்போது அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான செய்தி இது.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றம் அல்ல. நனைந்த தானியத்தை விற்பதும் தடுக்கப்படவில்லை. ஈரம் அடியிலும் உலர்ந்தது மேலேயும் இருந்ததுதான் குற்றம். காரில் ஒடுக்கு விழுவதும் அப்படித்தான். அதைப் பட்டி வைத்துச் சரிசெய்வதும் ஹலாலான தொழில். பட்டி வைத்துவிட்டுத் தகடு நிமிர்த்தியதாகக் கூலி வாங்குவது, பழைய பாகத்தைத் தேய்த்து மாட்டிவிட்டுப் புதியது என்று பில் போடுவது, இங்கேதான் ஈரம் அடியில் போகிறது. சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பாகமாகவே இருக்கட்டும், “இது பழசுதான், விலை இவ்வளவு” என்று சொல்லி மாட்டினால் ஒரு குறையும் இல்லை.

நம் ஜமாஅத்திலேயே டிங்கரிங், பெயின்டிங் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கையில் வரும் வண்டி அமானிதம். கைவினைஞர்கள் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குப் பொறுப்பாளிகள் என்று அலீ (ரழி) அவர்கள் தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகிறது. சாயம் தோய்ப்பவரும் பொற்கொல்லரும் அதில் குறிப்பிடப்படுகிறார்கள். எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதில் மத்ஹபுகளிடையே விரிவான கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேண்டுமென்றே கெடுத்தால், கவனக்குறைவால் கெடுத்தால் ஈடு தர வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் கழற்றிய பழைய பாகத்தை அவரிடம் காட்டுங்கள். பட்டி வைப்பதற்கு முன் தகட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, இதற்கு ஒரு நிமிடம் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத வேலையைக் கண்ணுக்குக் காட்டுவதும் உங்கள் தொழிலின் ஒரு பங்கு.

அவர்களுக்குச் சொல்லிவிட்டு வண்டிக்காரர்களை விட்டுவிட்டால் அது நீதி ஆகாது. இருபதாயிரம் ரூபாய் வேலையை எட்டாயிரத்துக்கு அடித்துப் பேசுகிறோம். அடுத்த நாள் கல்யாணத்துக்குப் போக வேண்டும், ராத்திரிக்குள் வேண்டும் என்கிறோம். பட்டி காய நேரம் வேண்டும், பெயின்ட் இறுக நேரம் வேண்டும் என்று அவர் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுவோம் என்கிறோம். அந்தக் காசில், அந்த நேரத்தில், அப்பிய பட்டியைத் தவிர வேறு என்ன கிடைக்கும்? ஏமாற்று வேலையை நாமே ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு ஏமாந்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். இன்னொன்றும் உண்டு. இன்றைய கார் பெயின்ட்களில் பல, இரண்டு பொருள்களைக் கலந்து அடிப்பவை. அவற்றின் கடினமாக்கும் பொருளில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். சரியான முகக்கவசமும் காற்றோட்டமுள்ள பெயின்டிங் அறையும் செலவு வைக்கும். மிகக் குறைந்த ரேட் கொடுக்கிற கடையில் அந்தச் செலவு எங்கிருந்து கழிக்கப்படுகிறது என்று பாருங்கள். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிற பதினெட்டு வயதுப் பையனின் நுரையீரலிலிருந்துதான். வேலை செய்தவரின் கூலியை வியர்வை உலர்வதற்குள் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாமோ வண்டியை எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லி வருகிறோம்.

இனி அந்த மூன்றாவது கடைக்கு வருவோம். காப்பீட்டைப் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே போகவில்லை. மூன்றாம் தரப்புக் காப்பீட்டை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டையும் பலர் எடுத்திருக்கிறார்கள். எடுத்தபின் அது ஓர் ஒப்பந்தம். படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவது இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன விதமாக இந்தச் சேதம் ஏற்பட்டது என்பதற்கு. போன வருடம் தூணில் உரசிய வலது பக்கத்தையும், போன மாதம் யாரோ இடித்த டிக்கியையும் நேற்றைய விபத்தில் சேர்த்து எழுதினால் அது பொய்ச் சாட்சி. வண்டியை ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று வேறொருவர் பெயரைப் போடுவதும் அதுதான். “கம்பெனி பணம்தானே பாய்” என்பார்கள். அந்தப் பணம், உங்களைப் போலவே பிரீமியம் கட்டிய லட்சக்கணக்கானவர்களின் பணம். ஒரே ஒரு மனிதரிடம் பத்தாயிரம் எடுத்தால் கியாமத்துக்கு முன் அவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்கலாம். லட்சம் பேரிடம் பைசா பைசாவாக எடுத்தவர் யாரைத் தேடுவார்?

நேர்மையான வழியில் லாபமும் இருக்கிறது. ஒரு வருடம் கிளெய்ம் செய்யாவிட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது. தொடர்ந்து ஐந்து வருடம் என்றால் 50 சதவீதம். சின்ன ஒடுக்குக்குக் கைக்காசு போட்டுச் செய்துகொள்வது பல நேரம் கணக்குப்படியும் சரி.

அடுத்தவர் வண்டியை நாம் இடித்துவிட்டால்? பள்ளிவாசல் வாசலிலேயே இது நடக்கிறது. ஜும்ஆ முடிந்த அவசரத்தில் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வண்டியில் உரசிவிட்டு, சுற்றிப் பார்த்து, யாரும் கவனிக்கவில்லை என்றதும் போய்விடுகிறோம். தொழுதுவிட்டு வந்த கால்கள்தான் அந்த ஆக்ஸிலேட்டரை மிதிக்கின்றன. நபி (ஸல்) அவர்களின் வீட்டில் நடந்தது புகாரியில் வருகிறது. ஒரு மனைவியாரின் வீட்டில் அவர்கள் இருந்தபோது, இன்னொரு மனைவியார் பணியாளர் வழியாக ஒரு தட்டில் உணவு அனுப்பினார். தட்டிவிட்டதில் தட்டு உடைந்தது. நபியவர்கள் துண்டுகளைச் சேர்த்து எடுத்தார்கள், சிந்திய உணவையும் எடுத்தார்கள். அந்த வீட்டிலிருந்து முழுசான ஒரு தட்டை வரவழைத்துப் பணியாளரிடம் கொடுத்தனுப்பி, உடைந்ததை உடைத்தவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கோபம் இல்லை, திட்டு இல்லை. ஈடு மட்டும் தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்தவர் காரில் உரசியவர் ஒரு துண்டுத்தாளில் தன் போன் நம்பரை எழுதி வைப்பரில் செருகிவிட்டுப் போனால் அது இந்த சுன்னத்தின் வழி. எந்தக் கடையில் சரிசெய்வது என்பதை வண்டிக்குச் சொந்தக்காரர் சொல்ல வேண்டும். “எனக்குத் தெரிந்த கடையில் பாதிக் காசில் முடிக்கிறேன்” என்று அவரைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. அவரும் தன் பழைய கீறலையெல்லாம் நம் தலையில் கட்டக் கூடாது.

கடைசியாக, விற்பனை. நன்றாகச் சரிசெய்த வண்டியை விற்கும்போது அடிபட்டதைச் சொல்ல வேண்டுமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். வேலை சுத்தமாக முடிந்துவிட்டது, கண்டுபிடிக்கவே முடியாது, பிறகு ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். கண்டுபிடிக்க முடியாது என்பதனால்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குறையை வாங்குபவரே பார்த்துக்கொள்வார். ஆட்டின் மடியில் சில நாள் பால் கறக்காமல் தேக்கி வைத்து, நிறையப் பால் தருகிற ஆடு போலக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்கு, கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் ஆட்டைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். அந்த மடிக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்த கதவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அந்த வெள்ளத்தைச் சொல்லாமல் அவற்றில் ஒன்றை விற்றவருக்குக் கிடைத்த அதிக விலை, வாங்கியவரின் ஹக்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியைப் பற்றிப் பங்காளியிடம் எச்சரித்திருந்தார்கள். பங்காளி விற்கும்போது அதைச் சொல்ல மறந்துவிட்டார், வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றில் வருகிறது. மறந்ததற்கே இப்படி.

ஆகவே வண்டியை வேலைக்கு விடும்போது எடுத்த போட்டோக்களையும், கடைக்காரர் தந்த பில்லையும் ஒரு கவரில் போட்டு ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். விற்கிற நாளில் வாங்க வருபவர் விலை கேட்பதற்கு முன்பே அந்தக் கவரை எடுத்து அவர் கையில் கொடுங்கள். “இடது பின்கதவு அடிபட்டது, தகடு எடுத்து வேலை பார்த்திருக்கிறது, இதோ பில்” என்று சொல்லுங்கள். அவர் பத்தாயிரம் குறைத்துக் கேட்பார். கேட்கட்டும்.