படம் யாருக்குக் கடன்பட்டது?

கலை மக்களுக்காகவே என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். அவ்வாறாயின், போராடும் மக்களைப் படம் பிடிக்கும் கலைஞன் அம்மக்களுக்கு எத்தகைய கடன்பட்டவன் என்ற வினாவுக்கும் நாம் விடைகாண வேண்டும்.

கறுப்பின மாணவர் கணிதத்தையும் சமூகக் கல்வியையும் ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே கற்க வேண்டுமெனத் தென்னாபிரிக்க நிறவெறி அரசு 1974இல் ஆணையிட்டது. ஆள்வோர் மொழியை அறிவின் வாயிலிலே காவல் நிறுத்திய இவ்வாணையை எதிர்த்து, 1976 ஜூன் 16இல் சொவெற்றோ நகரின் மாணவர் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் சென்றனர். பொலிசார் சுட்டனர்; 12 வயதுச் சிறுவன் ஹெக்டர் பீற்றர்சன் வீழ்ந்தான். மபுயிசா மக்குபோ என்ற 18 வயது இளைஞர் அவனைக் கைகளில் ஏந்தி ஓடினார். சிறுவனின் தமக்கை கதறியபடி உடன் ஓடினாள். இக்காட்சியைப் படமெடுத்த பத்திரிகையாளர் சாம் நிசிமா, படச்சுருள் பொலிசார் கையிற் சிக்காதிருக்க அதனைத் தம் காலுறைக்குள் மறைத்தார். அப்படத்தின் மூலம் நிறவெறியின் கொடுமையை உலகம் கண்ணாரக் கண்டது.

ஆனால், பொலிசாரும் அதே படத்தைக் கண்டனர். அவர்களது தொல்லைக்கு ஆளான மக்குபோ நாட்டைவிட்டு வெளியேறினார். 1978இல் நைஜீரியாவிலிருந்து தாய்க்கு எழுதினார். பின்னர் அவர் வீடு திரும்பவேயில்லை. நிசிமாவும் அச்சுறுத்தலினால் தொழிலைக் கைவிட்டுக் கிராமத்துக்கு ஒதுங்கினார். தாம் எடுத்த படத்தின் உரிமை 1998இலேதான் அவரிடம் வந்தது.

அப்படியானால், அப்படத்தை வெளியிட்டது தவறா? அன்று. வெளியிடாதிருந்தால் ஆதாயம் கொலை செய்தவர்களுக்கே. எனினும், 'உண்மையைச் சொன்னோம், கடமை முடிந்தது' என்போரின் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. உண்மையின் பயன் உலகுக்கும், அதற்கான தண்டனை ஒரு தனி இளைஞனுக்கும் எனப் பங்கிடப்படுமாயின், அப்பங்கீடு அநீதியானது. படத்தினால் வலுப்பெற்ற இயக்கமும், அதை அச்சிட்ட பத்திரிகையும், அதைக் கண்டு கண்ணீர் சிந்திய நாமும் அச்சுமையில் ஒரு பங்கைத் தாங்கியே ஆக வேண்டும்.

தம் மகன் செய்தது வீரச்செயலன்று, ஒரு சகோதரன் செய்ய வேண்டிய கடமையே என்று மக்குபோவின் தாய் கூறினார். அவனை வீரனாக்கிச் சுவரிலே மாட்டிவிட்டு ஓய்ந்திருப்போருக்கு இதைவிடக் கூர்மையான கண்டனம் வேறில்லை.

இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் கைத்தொலைபேசிக் கமெரா உண்டு. முகங்களை இனங்காணும் கருவிகள் அரசுகளிடம் உண்டு. எனவே, துப்பாக்கி ஏந்தியவன் முகத்தை உலகறியச் செய்வோம். அதற்கு எதிரே நிற்பவன் முகத்தை வெளியிடுமுன் அவன் சம்மதத்தைக் கேட்போம். கேட்க இயலாத வேளையில், முகத்தை மறைத்தாலும் உண்மை விளங்குமா என்று சிந்திப்போம். முகம் வெளிவந்தே தீருமாயின், அவனுக்குப் புகலிடமும் வழக்குரைஞரும் தேடிக் கொடுப்பதும் அப்படத்தை வெளியிடும் வேலையின் ஒரு பகுதியே.