எலியின் நொதியமும் மனிதனின் கடனும்

2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை ஊரடங்கினுள் அடைபட்டுக் கிடந்தபோது, அங்குள்ள உழைப்பாளி மக்கள் மூக்கினுள் பஞ்சுக் குச்சியை ஏற்று, முடிவுக்காக நாட்கணக்கிற் காத்திருந்தனர். அத்தகைய சோதனைகளிற் பெரிதும் பயன்படும் நொதியம் எலியைப் பற்றும் ஒரு வைரசிலிருந்து வந்தது என்பதை அவர்களுட் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. அறியாமை அவர்களது குற்றமன்று. சோதனைப் பொதியின்மீது கம்பனியின் பெயர் இருக்கும். எலியின் பெயர் இராது.

கொரோனா வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். பி.சி.ஆர். முறையோ டி.என்.ஏ.யையே பெருக்க வல்லது. எனவே முன்னதைப் பின்னதாக எழுதித்தரும் ஓர் எழுத்தன் வேண்டும். மரபுச் செய்தி டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.க்கே செல்லும் என்று பெரும்பாலோர் நம்பியிருந்த காலத்தில், 1970 இல், அவ்வெழுத்தனைக் கோழியின் வைரசொன்றில் தெமினும் மிசுதானியும், எலியின் வெண்குருதிப் புற்றுநோய் வைரசொன்றிற் பால்ற்றிமோரும் தனித்தனியே கண்டனர். ஆய்வுகூடங்களில் இன்று மிகுதியாக வழங்குவது மொலோனி என்பார் 1960 இல் அமெரிக்க அரசின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திற் பிரித்தெடுத்த எலி வைரசின் நொதியமாகும். 1985 இல் அதன் மரபணுவை நமது குடலிலும் வாழும் ஒரு பற்றீரியாவினுட் புகுத்தி, அதனைக்கொண்டே நொதியத்தை ஆக்குவித்தனர். அன்றுமுதல் அந்நொதியத்தைப் பெறுவதற்கு எலியும் வேண்டியதில்லை, எலியின் வைரசும் வேண்டியதில்லை. சூடான குழம்பில் வளரும் பற்றீரியா போதும்.

இங்கேதான் நமது வினா எழுகிறது. இப்பொருள் யாருக்குச் சொந்தம்? மொலோனியின் ஆராய்ச்சிக்கு ஊதியமளித்தது வரிப்பணம். புற்றுநோயுற்று மடிந்த எலிகளிடம் எவரும் ஒப்புதல் கேட்டதில்லை. பற்றீரியாவோ கூலி கேட்கவில்லை. எனினும் அந்நொதியத்தின் திருத்திய வடிவங்களுக்குக் கம்பனிகள் காப்புரிமை பெற்று, ஒன்றையொன்று நீதிமன்றுக்கும் இழுத்தன.

கம்பனியின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. நொதியத்தைத் தூய்மை செய்து, தரம் பார்த்து, குளிர் குன்றாமற் கடல்கடந்து அனுப்புதல் உழைப்பே, உழைப்புக்கு விலையுண்டு. ஆனால் உழைப்பின் விலை வேறு, அறிவுக்கு வேலியிட்டு வாங்கும் வாடகை வேறு. இன்சுலினைக் கண்டோர் 1923 இல் தம் காப்புரிமையை ஆளுக்கொரு டொலருக்குத் தொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததை நினைத்தால், இவ்வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. (பிற்காலத்தில் இன்சுலின் விற்றோர் எவ்வாறு உணர்ந்தனர் என்பது இன்னொரு கதை.)

நம் நாட்டில் அரசாங்கச் சோதனை இலவசமாயிருந்தது. தனியார் மருத்துவமனைகளுக்கு 2021 ஓகஸ்டில் விதிக்கப்பட்ட உச்சவிலை 6,500 ரூபா. அதே ஆண்டிற் போராடிப் பெற்ற தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஆறரை நாள் கொழுந்து பறித்தால் ஒரு தடவை மூக்கைக் காட்டலாம்!

பணம் கொடுத்துவிட்டோமாதலின் கடன் தீர்ந்தது என்பர் சிலர். செஞ்சோற்றுக் கடனை உயிரால் தீர்த்தோரைப் போற்றும் மரபில் வந்த நாம் இதனை அத்துணை எளிதாக ஏற்கலாகாது. விற்றவனுக்குரிய கடன் மட்டுமே விலையால் தீர்கிறது. மடிந்த எலிக்கும், பெயர் பதியப்படாத ஆய்வுகூட ஊழியனுக்கும், வரி செலுத்திய அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் உள்ள கடன் அப்படியே கிடக்கிறது. அவர்களிடம் திருப்பிச் செலுத்த வழியில்லை. அவ்வறிவை நாம் கற்று, ஆக்கி, பிறர்க்கும் வழங்குதலே எஞ்சிய வழி.

அது கனவன்று. மரபணுவின் எழுத்துக்கள் அச்சில் உள்ளன. பழைய காப்புரிமைகள் காலாவதியாயின. பற்றீரியாவை வளர்க்கும் குலுக்கிக் கருவியும், நொதியத்தைப் பிரிக்கும் நிக்கல் நிரலும், மறை இருபது பாகையிற் காக்கும் குளிர்ப்பெட்டியும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2022 ஏப்பிரலில் இலங்கை அயற்கடன் செலுத்துதலை நிறுத்தி, டொலரின்றி மருந்துக்கே திண்டாடியபோது, இறக்குமதியையே நம்பிய அறிவின் கதி எத்தகையது என்பதைக் கண்டோம். ஒரு நொதியத்தையேனும் இம்மண்ணில் ஆக்கி, எல்லா ஆய்வுகூடங்களுக்கும் அடக்கவிலையிற் கொடுக்க ஓர் அறையும் நான்கு இளைஞரும் வேண்டும். அந்த நால்வரும் இப்போது நம் வகுப்புகளிலேதான் அமர்ந்திருக்கின்றனர். கடவுச்சீட்டு விண்ணப்பத்தைப் புத்தகத்தினுள் மடித்து வைத்துக்கொண்டு.