விடுமுறை நாட்களில் உடலின் உரிமையும் குடும்பத்தின் உரிமையும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் முதலில் உபதேசம் செய்து கொள்கிறேன்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

இவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கோடை விடுமுறைக்குள்ளேயே வருகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்கள் பலர் முப்பது நாள், நாற்பது நாள் லீவில் ஊர் வந்திருக்கிறார்கள். வீடுகள் நிறைந்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் லீவு முடிந்து விமானம் ஏறும்போது பலர் சொல்வது என்ன? "நாள் போனதே தெரியலை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசக்கூட நேரம் கிடைக்கலை. உடம்பும் போட்டுடுச்சு." இந்த நிலை ஏன் வருகிறது?

ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளிலும் மனிதர்களில் அதிகமானோர் இழப்புக்கு உள்ளாகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (நூல்: புகாரி). விடுமுறையில் இந்த இரண்டும் ஒருசேரக் கையில் கிடைக்கின்றன. இழப்பதும் இரண்டையும் ஒருசேர இழக்கிறோம்.

சல்மான் (ரலி) அவர்கள் கண்ட காட்சி

சல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் நபியவர்கள் சகோதரர்களாக்கி வைத்தார்கள். ஒருநாள் சல்மான் (ரலி) தம் சகோதரரின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி உம்முதர்தா தம்மைக் கவனித்துக் கொள்ளாமல், பழைய ஆடையில் இருப்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் எந்த நாட்டமும் இல்லை என்று அந்த அம்மையார் பதில் சொன்னார்கள்.

அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தவர்கள். சல்மான் (ரலி) அவர்களைத் தம்முடன் உண்ண வைத்தார்கள். இரவில் எழுந்தபோதெல்லாம் உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி, இருவருமாகத் தொழுதார்கள். பிறகு, இறைவனுக்கும் உமது உடலுக்கும் உமது குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று அறிவுரை சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள், சல்மான் சொன்னது உண்மையே என ஏற்றுக் கொண்டார்கள் (நூல்: புகாரி).

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அபூதர்தா (ரலி) வீண் காரியத்தில் மூழ்கவில்லை, வணக்கத்தில் மூழ்கியிருந்தார்கள். அப்படியிருந்தும் தராசு சாய்ந்துவிட்டது. சாய்ந்ததை சல்மான் (ரலி) எங்கே கண்டுபிடித்தார்கள்? வீட்டிலிருந்த மனைவியின் நிலையில். நம் விடுமுறை சரியாகப் போகிறதா என்பதையும் நாம் பார்த்துவந்த இடங்களை வைத்துக் கணக்கிட முடியாது. வீட்டாரின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

விடுமுறை யாருக்கு?

நம் வீடுகளில் விடுமுறை என்றால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வு. உம்மாவுக்கும் மனைவிக்கும் வேலை இரட்டிப்பு. விருந்தாளிகள் வந்தபடி இருப்பார்கள். குர்பானிக் கறியைக் கழுவி, பங்கு பிரித்து, நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கி, பாத்திரம் தேய்த்து முடிக்கும்போது இரவு பதினோரு மணி. நாம் திண்ணையில் அமர்ந்து இன்னொரு டீ கேட்கிறோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) பதிலளித்தார்கள் (நூல்: புகாரி). பெருநாள் சமையலில் வெங்காயம் உரிப்பதும், எச்சில் தட்டு எடுப்பதும் ஆண்மைக்குக் குறைவல்ல. அது சுன்னத்.

உடலின் உரிமை

உண்ணவும் பருகவும் அனுமதி தந்த அல்லாஹ், அதே வசனத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறான் (அல்குர்ஆன் 7:31). வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிகளார் காட்டிய அளவு (நூல்: திர்மிதீ). மதியம் மாமியார் வீட்டில் பிரியாணி, மாலையில் சாச்சா வீட்டில் வட்டிலப்பம், இரவில் நண்பர்களோடு பரோட்டா என்று போனால், மூன்று பங்கும் உணவுக்கே போய்விடுகிறது. சர்க்கரை நோய் உள்ள வாப்பாவுக்கு, "இன்னைக்கு ஒருநாள்தானே" என்று இனிப்பை ஊட்டுவதும் பாசமாகாது. விடுமுறையில் அந்த 'ஒருநாள்' தினமும் வருகிறது.

பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. பெரியவர்களின் கணக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேர வேகநடைதான். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெயில் ஏறுமுன் நடந்தால் முடிந்துவிடும். இரவு இரண்டு மணிவரை ஃபோனைப் பார்த்தவருக்கு அந்த ஃபஜ்ரும் இல்லை, நடையும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில இளைஞர்கள் உடலைப் பேணுகிறோம் என்று காலை மாலை ஜிம்மிலேயே கிடக்கிறார்கள். ஆசையோடு உம்மா ஆக்கிவைத்த சோற்றைப் பார்த்து, "இதில் எவ்வளவு எண்ணெய்!" என்று முகம் சுளிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விருப்பம் இருந்தால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் (நூல்: புகாரி). பெருநாளன்று நோன்பு வைப்பதையே மார்க்கம் தடுத்திருக்கிறது. அதைத் தொடரும் துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய நாட்கள் உண்பதற்கும் பருகுவதற்கும் அல்லாஹ்வை நினைவுகூர்வதற்கும் உரியவை என்பது நபிமொழி (நூல்: முஸ்லிம்). குறைவாகச் சாப்பிடுங்கள், ஆனால் குடும்பத்தோடு ஒரே சஹனில் அமர்ந்து, மனம் கோணாமல் சாப்பிடுங்கள்.

மூன்றும் சேர்ந்த ஓர் ஓட்டம்

அன்புச் சகோதரர்களே! உடலுக்கு ஒரு நேரம், குடும்பத்துக்கு ஒரு நேரம், மகிழ்ச்சிக்கு ஒரு நேரம் என்று பிரித்தால் நாள் போதாது என்கிறோம். நபியவர்களைப் பாருங்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அன்னையார் வென்றார்கள். பிறகு அன்னையாருக்குச் சற்று உடல் பருத்திருந்த காலத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது ஈடாகிவிட்டது என்றார்கள் (நூல்: அபூதாவூத்). அந்த ஓட்டத்தில் உடற்பயிற்சியும் இருந்தது, மனைவியின் உரிமையும் இருந்தது, ஹலாலான மகிழ்ச்சியும் இருந்தது.

பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, அன்னையார் தமக்குப் போதும் என்று சொல்லும்வரை நபியவர்கள் அவர்களுக்காக நின்று கொண்டிருந்தார்கள் (நூல்: புகாரி). தமக்குச் சலித்ததும் அவர்கள் கிளம்பிவிடவில்லை. நாமோ பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். அவர்கள் அலையில் விளையாடுகிறார்கள், நாம் மணலில் அமர்ந்து ஃபோனைப் பார்க்கிறோம். எழுந்து அவர்களோடு பந்து விளையாடுங்கள். மனைவியோடு இஷாவுக்குப் பின் தெருமுனைவரை நடங்கள். அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிச் செய்தால் அதற்கும் நன்மை உண்டு.

மகிழ்ச்சிக்கு எல்லை உண்டு. குற்றாலம் போனாலும் கொடைக்கானல் போனாலும் தொழுகை நம்மோடு வர வேண்டும். நகையை அடகு வைத்துச் சுற்றுலா போவது மகிழ்ச்சியல்ல. ஊர் திரும்பிய பிறகு மாதாமாதம் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

இத்துடன் முதல் உரையை நிறைவு செய்து, எனக்காகவும் உங்களுக்காகவும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன்.

இரண்டாம் உரை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நபியவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நபியவர்களின் சபையில் இருக்கும் ஈமானின் உணர்வு, மனைவி மக்களோடு இருக்கும்போது குறைந்துவிடுகிறதே என்று ஹன்ழலா (ரலி) அஞ்சியழுதார்கள். அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று நபியவர்கள் ஆறுதல் தந்தார்கள் (நூல்: முஸ்லிம்). குடும்பத்தோடு சிரித்து மகிழும் நேரம் மார்க்கத்துக்கு வெளியே இல்லை.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் உம்மாவிடமோ மனைவியிடமோ கேளுங்கள்: "இந்த லீவில் உனக்கு ஓய்வு கிடைத்ததா?" வரும் பதிலைக் கேட்டு, மீதமிருக்கும் நாட்களைத் திருத்திக் கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களில் ஆரோக்கியத்தையும், நேரத்தில் பரக்கத்தையும், குடும்பங்களில் அன்பையும் தருவாயாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! லீவு கிடைக்காமல் தொலைதூரத்தில் தனியே பெருநாளைக் கழிக்கும் சகோதரர்களின் மனங்களுக்கு நிம்மதியைத் தந்து, அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.