கட்டி வைத்த பெட்டி



2023 பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியையும் சிரியாவையும் பூகம்பம் உலுக்கியது. ஆண் நர்ஸாகப் பணிபுரியும் ஓர் இளைஞர் துஆச் செய்யும்படி நம்மிடம் வந்தார். நிவாரணக் குழுவொன்றுடன் வடசிரியா செல்லப் பெட்டி கட்டிவிட்டார். இரண்டு முறை தேதி குறிக்கப்பட்டது. இரண்டு முறையும் தள்ளிப் போயிற்று. மீண்டும் வந்தபோது முகம் வாடியிருந்தது. "ஹஜ்ரத், தெருவில் எல்லோரும் 'இன்னும் போகவில்லையா' என்கிறார்கள். பெட்டியைப் பிரித்துவிடட்டுமா?" என்றார்.

அவர்மீது என்ன குற்றம்? வடமேற்குச் சிரியாவுக்குள் ஐக்கிய நாடுகள் சபையின் உதவி செல்ல அப்போது அனுமதி பெற்றிருந்த எல்லை வாசல் பாபுல் ஹவா ஒன்றுதான். அதற்குரிய பாதைகளும் பழுதுபட்டுக் கிடந்தன. சபையின் முதல் லாரிகள் 9ஆம் தேதிதான் எல்லை கடந்தன. மேலும் இரு வாசல்களுக்கு 13ஆம் தேதிதான் இசைவு கிடைத்தது. உலக சபையே காத்து நிற்கையில், தனி மனிதரின் தேதி தள்ளிப் போவதில் வியப்பென்ன?

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1400 ஸஹாபாப் பெருமக்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். இஹ்ராம் அணிந்தாயிற்று, குர்பானி ஒட்டகங்களும் உடன் வந்தன. ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். கஃபாவைக் காணாமலே அங்கு அறுத்து, தலைமுடி களைந்து, மதீனா திரும்பினார்கள். மறு ஆண்டுதான் உம்ரா நிறைவேறிற்று. அப்படியானால் முதற் பயணம் வீணா? அதையன்றோ சூரத்துல் ஃபத்ஹில் அல்லாஹ் வெற்றி என்று போற்றினான்!

நிச்சயமற்ற பயணத்திற்கும் நம் ஷரீஅத் இடம் வைத்திருக்கிறது. இன்று வேலை முடியும், நாளை முடியும் என்று வெளியூரில் காத்திருக்கும் முஸாபிர், ஹனஃபி மத்ஹபில் 15 நாள் தங்க நிய்யத் செய்யாதவரை கஸ்ராகவே தொழுவார். ஷாஃபிஈ மத்ஹபில் 18 நாள் வரை அவ்வாறு தொழலாம்.

எனவே அவரிடம் சொன்னோம்: "தம்பி, பெட்டியைப் பிரிக்காதீர். கடனைத் தீர்த்து விடும், அமானிதத்தை ஒப்படையும், வஸிய்யத்தை எழுதி வையும். தாயாரின் சம்மதம் பெற்று, வீட்டுச் செலவுக்கு வழி செய்யும். உம்மை ஏற்கும் குழுவின் அழைப்பின்றிப் போகாதீர். பசித்தவரின் ரொட்டியில் பங்கு கேட்பவராக ஆகிவிடுவீர். தேதி கேட்பவரிடம், அழைப்பு வந்ததும் இன்ஷா அல்லாஹ் என்று மட்டும் சொல்லும்."

அவர் எல்லாவற்றையும் செய்தார். குழு புறப்பட்டது, ஆனால் ஆட்களைக் குறைத்ததால் அவருக்கு இடமில்லை. பெட்டியிலிருந்த மருந்துகளையும் கம்பளிகளையும் புறப்பட்டவர்களிடம் கொடுத்தனுப்பினார். அவர் போகவில்லை, அவர் பெட்டி போயிற்று. கடனும் தீர்ந்து, வஸிய்யத்தும் எழுதப்பட்டு, அடுத்த அழைப்புக்கு ஆயத்தமாக இருக்கிறார்.

நன்மையை நாடி, செய்ய இயலாமற் போனவருக்கும் முழு நன்மை எழுதப்படுவதாக நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். சகோதரர்களே, தேதி நம் கையில் இல்லை. ஆயத்தம் நம் கையில் இருக்கிறது. வல்ல ரஹ்மான் நம் நிய்யத்துகளைச் சீராக்கி ஏற்றருள்வானாக! ஆமீன்.