சில்வர் சட்டி

விடியப்புறம் செபமாலையோடு முழங்காலில் இருக்கும்போது, தெமட்டகொடை ரயில் யார்ட்டில் எஞ்சின் உறுமும். கொஞ்ச நேரத்தில் பாங்கு கேட்கும். இந்த இரண்டு சத்தமும் இல்லாத செபம் எனக்குப் பழக்கமில்லை.

*

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு. கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஹோட்டல்களில். பின்னேரம் எங்கள் தெமட்டகொடையிலேயே, மஹவில கார்டனில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போன மூன்று பொலிஸார் செத்துப்போனார்கள்.

அடுத்த ஞாயிறு கோவில்களில் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையை டீவியில் பார்த்துக்கொண்டு வீட்டில் முழங்காலில் இருந்தோம். ஒழுங்கையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

*

பக்கத்து வீட்டில் தாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். எங்களுக்கும் அவர் அப்படியே. ஒவ்வொரு நோன்புக்கும் அவர் வீட்டுக் கஞ்சி எங்கள் வாசலுக்கு வரும். தேங்காய்ப்பால், ரம்பை, கராம்பு வாசனை முன்னால் வரும், தாத்தா பின்னால் வருவார்.

அந்த வருடம் குண்டு வெடித்து இரண்டு கிழமைக்குப் பிறகு நோன்பு தொடங்கியது. முதல் நாள் கஞ்சி வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் அம்மா மூடி போட்ட சில்வர் சட்டியைக் கழுவித் துடைத்தார். வெறும் சட்டி கொண்டு போகக்கூடாது என்று உள்ளே ஒரு பக்கெட் பேரீச்சம்பழம் வைத்தார். போய்க் கதவைத் தட்டினார்.

"தாத்தா, கஞ்சி முடிஞ்சுதா? பிள்ளைகள் கேக்குதுகள்."

தாத்தா கதவைப் பிடித்தபடியே அழுதார். "நீங்க எடுக்க மாட்டீங்க எண்டு நெனச்சேன்."

அன்று நாங்கள் குடித்த கஞ்சியில் உப்புக் கூட. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் தரமும் ஊற்றிக் குடித்தார்.

*

யோசப் வாஸ் அடிகளாரை நினைக்கிறேன். ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். 1697இல் கண்டியில் அம்மை பரவியது. சொந்த வீட்டாரே காட்டில் விட்டுப்போன நோயாளிகளைத் தேடிப் போய், புண்ணைக் கழுவி, சாப்பாடு கொடுத்தார். அவர்கள் என்ன சமயம் என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்தச் சனத்துக்குள் அம்மாவும் நானும் நின்றோம்.

வேதத்தைப் பரப்புவதென்றால் பேசத் தெரிய வேண்டும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அம்மா யாரிடமும் வேதம் பேசியதில்லை. நான் கண்டதில் மிகப் பெரிய வேதக்காரி அவர்தான்.

*

அம்மா இப்போது இல்லை. செத்த வீட்டில் மூன்று நாளும் எங்கள் அடுப்பு எரியவில்லை. மூன்று நேரச் சாப்பாடும் தாத்தா வீட்டிலிருந்து வந்தது.