துறவியர் மடமும் ஏழையர் துயரும்

கல்கத்தாவுக்கு அருகே கங்கைக் கரையில் அமைந்த பேலூர் மடம், இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியரின் தலைமை இல்லமாகும். அதிகாலை ஆரத்தி, தியானம், பூசை, மாலைப் பிரார்த்தனை என அங்கு பொழுதெல்லாம் இறை நினைவிலேயே கழிகின்றது. எனினும் அம்மடத்தின் பெருமை வழிபாட்டோடு முடிந்துவிடுவதில்லை.

சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு இராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே வங்காளத்து முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்சம் வாட்டியது. சுவாமி அகண்டானந்தர் அங்கு தங்கிப் பசித்தோர்க்கு உணவளித்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் புகலிடமும் அமைத்தார்.

1898இல் மடத்துக்கென நிலம் வாங்கப்பட்டது. நெடுநாள் விருப்பம் நிறைவேறும் வேளையில் கல்கத்தாவைப் பிளேக் நோய் அச்சுறுத்தியது. நிவாரணத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. தேவையானால் மடத்து நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் விவேகானந்தர். வேறு வழியில் பணம் கிடைத்தமையால் நிலத்தை விற்க நேரவில்லை. மறு ஆண்டு சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் சேரிகளில் இறங்கித் துப்புரவுப் பணியை நடத்தினர்.

கோயிலும் மடமும் இறைவனுக்கு நாம் எடுக்கும் இல்லங்கள். துன்புறும் உயிரோ அவன் தானே விரும்பிக் குடிகொண்ட இல்லம். ஆதலால் திருவிழாவில் அன்னதானத்துக்கு இலை போடும் அடியார்கள் அதனையும் ஓர் அர்ச்சனையாகவே கருதுதல் வேண்டும். கொடியிறங்கிய பின்பும் அயலில் பசித்திருப்போரை மறவாதிருத்தல் வேண்டும்.