பின்னால் வருகிறவனின் பங்கு

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் டேக்குப் போகிறவர்கள் முதலில் செய்வது ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போடுவது. உள்ளே எனக்கு என்ன நடந்தாலும் அதற்கு நானே பொறுப்பு என்பது அதன் சாரம். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பானெட் மேல் தாளை வைத்து, படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அதை முதல் முறையாக முழுதாகப் படித்தேன்.

என்னுடையது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் இஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். ஆபீஸ் போய்வரத் தாராளம். ஆனால் 2.1 கிலோமீட்டர் ட்ராக்கில், வளைவில் நான் பிடித்த காரையெல்லாம் நேர்பாதையில் விட்டுவிடுவேன். டர்போவை மாற்றிவிடலாம் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

டர்போ எளிமையான யோசனை. இஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். வீணாகப் போகிற புகையிலிருந்து வருவதால் சும்மா கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் புகை 900 டிகிரியைத் தொடக்கூடியது. தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் முறை சுழலக்கூடியது. அதைத் தாங்கிக்கொண்டிருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான்.

எனக்கு வண்டி பார்க்கும் அண்ணனுக்குப் பீளமேட்டில் பட்டறை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "டர்போ மாத்தறது ஒரு நாள் வேலை கண்ணு. அதுக்கேத்த மாதிரி வண்டிய தயார் பண்றதுதான் ஆறு மாச வேலை." ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். பெரிய இன்டர்கூலர், ஆயில் கூலர், ஃப்யூயல் பம்ப், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பைச் சூட்டிலிருந்து காக்க ஒரு தகட்டு மறைப்பு. கடைசியாக ஒன்று சொன்னார்: "உன்ற கியர்பாக்ஸ் 250 டார்க் வரைக்கும் தாங்கும்னு கம்பெனிக்காரன் சொல்றான். இஞ்சின் குடுக்கறது 175. நடுவால 75 சும்மா கெடக்குதுன்னு நெனச்சுக்காத."

நான் அப்படித்தான் நினைத்தேன். பூட்டி வைத்த பணம் மாதிரி அந்த 75 கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த ட்ராக் டேக்கு மூன்று வாரம்தான். கையிலும் காசு குறைவு. டர்போவையும் பம்பையும் வாங்கி, வேறு இடத்தில் கொடுத்து மாட்டி, அழுத்தத்தையும் ஏற்றிவிட்டேன். கூலரும் தகடும் அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது செஷன். அதுவரை ஓட்டியதிலேயே வேகமான சுற்று. கண்ணாடியில் மெல்லிசாக நீலப் புகை தெரிந்தது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. "இந்த ஒரு சுற்ற மட்டும் முடிச்சிரலாம்" என்று தோன்றியது. அந்த எண்ணம் ஓடி முடிய இரண்டு நொடி ஆகியிருக்கும்.

சூட்டில் வெந்துபோன ஆயில் பைப் விட்டிருந்தது. அடுத்த வளைவு முழுக்க நான் எண்ணெய் தெளித்துக்கொண்டே போயிருக்கிறேன். பின்னால் வந்தவன் ஒரு காலேஜ் பையன், அப்பாவின் ஸ்விஃப்டில். வழுக்கி, டயர்ச் சுவரில் போய் மோதினான். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரியில் அவன் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். புகையைப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் என் தோளைத் தொட்டு, "ட்ராக்குன்னா இதெல்லாம் இருக்கறதுதானுங்க தம்பி. அவனும் கையெழுத்துப் போட்டுத்தான போனான்" என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். ரிப்பேர் செலவில் பாதியைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அதனால் எதுவும் தீர்ந்துவிடவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ட்ராக்கில் இறங்குகிற எல்லோருக்கும் முன்னால் போகிற வண்டி ஆயில் கொட்டலாம் என்று தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறோம். அப்படியானால் நான் செய்த தவறு என்ன? ரொம்ப நாள் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். அவன் ஒப்புக்கொண்டது விபத்துக்கு. நான் பார்த்தும் தாண்டிப் போன அந்த இரண்டு நொடிக்கு அவன் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் யோசித்தால், அந்த இரண்டு நொடி ட்ராக்கில் தொடங்கியதுமில்லை. பட்டியலில் பாதியை அடித்த அன்றே தொடங்கிவிட்டது.

ஏரிக்கரையை நீர்மட்டத்துக்குச் சமமாக யாரும் கட்டுவதில்லை. மேலே கொஞ்சம் விட்டுத்தான் கட்டுகிறார்கள். அந்த இடைவெளியைப் பார்த்து 'எவ்வளவு தண்ணீர் வீணாகிறது' என்று யாரும் சொல்வதில்லை. என்றோ ஒரு நாள் வரப்போகிற மழைக்கு ஒதுக்கிய இடம் அது. கியர்பாக்ஸின் 75ம் அப்படித்தான். சித்திரை வெயிலுக்கு, மட்டமான பெட்ரோலுக்கு, மாற்ற மறந்த ஆயிலுக்கு என்று யாரோ ஒரு இஞ்சினியர் விட்டுவைத்தது. மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் சொல்கிறார். பள்ளியில் படித்தபோது அச்சு முறிவதோடு கதை முடிந்துவிட்டது. அந்த வண்டிக்குப் பின்னால் யார் வந்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப ஸ்டாக் டர்போவையே திரும்பப் போட்டுட்டு ஓட்டுடா" என்றான் நண்பன். ஆறு மாதம் ட்ராக் பக்கமே போகவில்லை. ஆனால் ஸ்டாக்கிலும் நிம்மதி கிடையாது. சின்ன டர்போவை ட்ராக்கில் சுற்றுக்குச் சுற்று அதன் எல்லையிலேயே ஓட்டினால் அது காற்றை அமுக்குவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம். சூடான காற்று உள்ளே போனால் இஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். சரியாகத் தேர்ந்தெடுத்த பெரிய டர்போ அதே அழுத்தத்தை அலட்டிக்கொள்ளாமல், காற்றை அவ்வளவு சூடாக்காமல் கொடுக்கும். பெரியதை வாங்கியதில் தப்பில்லை. அதனிடம் இருக்கிறதையெல்லாம் கேட்டதுதான் தப்பு.

ஃபார்முலா ஒன் இந்தப் பாடத்தை விதியாகவே எழுதிப் பார்த்தது. 1986இல் டர்போ அழுத்தத்துக்கு வரம்பே கிடையாது. தகுதிச் சுற்றுக்கென்றே, ஒருசில சுற்று மட்டும் தாங்கினால் போதும் என்று, ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டும் இஞ்சின்கள் செய்தார்கள். 1987இல் 4 பார் என்று வரம்பு வந்தது. 1988இல் அது 2.5 பார் ஆனது, டர்போ கார்களுக்குப் பந்தயம் முழுவதற்கும் 150 லிட்டர் பெட்ரோல்தான் என்றார்கள். அந்த நெருக்கடிக்குள் ஓடிய மெக்லாரன் எம்பி4/4, 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. தவறவிட்ட மோன்ஸாவில் ப்ரோஸ்டின் இஞ்சின் பாதியில் நின்றுபோனது. எவ்வளவு மிச்சம் வைத்தாலும் முழுசாக நம்ப முடியாது என்பதையும் அதே வருடம்தான் காட்டியது.

பீளமேடு அண்ணனிடம் திரும்பப் போனேன். "இப்பவாவது வந்தியே" என்றார், அவ்வளவுதான். பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் செய்தோம். டார்க்கை 230இல் நிறுத்தினோம். இஞ்சின் கம்பிகளையும் கியர்பாக்ஸையும் நசுக்குவது நடு ஆர்பிஎம்மில் திடீரென்று எழும் டார்க்தான். அதை அடக்கிவிட்டு, மேல் ஆர்பிஎம்மில் பெரிய டர்போவை மூச்சு விட வைத்தோம். ஆயில் 130 டிகிரியைத் தாண்டினால் அழுத்தம் தானாகக் குறையும்படி ஈசியூவில் எழுதினோம். இரண்டு நொடி யோசிக்கிற வேலையை என்னிடம் விட்டுவைக்க வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டது அது.

போன மாதம் அந்தப் பையனும் வந்திருந்தான். அதே ஸ்விஃப்ட், கதவு மட்டும் வேறு நிறம். ஐந்தாவது சுற்றில் என் மீட்டர் 128 காட்டியது. ஈசியூ இன்னும் எதுவும் செய்யவில்லை. பின்னால் அவன். கையை உயர்த்திக் காட்டி, ஓரம் ஒதுங்கி பிட்டுக்குள் நுழைந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போனான்.

செஷன் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான். "ஏனுங்ணா உள்ள போயிட்டீங்க? நல்லாத்தான போயிட்டிருந்தீங்க?"

"ஆயில் சூடாயிருச்சுடா."

"அவ்வளவுதானுங்களா?"

அந்த நீலப் புகையைப் பற்றி அன்றுதான் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் தன் கார் பானெட்டைத் திறந்து, "ஆயில் கூலர் எங்கீங்ணா வாங்குனீங்க?" என்று கேட்டான்.